பேரே இல்லாத பிரிக் செட் கட்டினேன், மூணாவது மாடி உக்கார மாட்டேங்குது. தப்பு என்னோடதா பிரிக்கோடதா?

செந்தூல்காரன் | சனி, ராத்திரி 11:48

வணக்கம் மக்களே. நான் இந்த லைனுக்குப் புதுசு, சின்ன வயசுல நம்ம வீட்ல லெகோ வாங்குற வசதியெல்லாம் இல்ல, எஸ்டேட்ல இருந்து கோலாலம்பூர் செந்தூலுக்கு வந்த குடும்பம், கோலிகுண்டு காத்தாடியோட சரி. இப்ப சின்னவளுக்கு ஒம்பது வயசு, ஸ்கூல் லீவுக்கு ஏதாச்சும் சேர்ந்து கட்டலாம்பான்னு கேட்டா. மூணு மாடி மூலைக் கட்டடம் ஒண்ணு, கீழ கடை, மேல வீடு, மொட்டை மாடில தண்ணித் தொட்டி, அந்த மாதிரி ஒரிஜினல்ல போனா ஆயிரம் வெள்ளிக்குப் (மலேசிய ரிங்கிட்) பக்கத்துல வருது. ஆன்லைன்ல தேடுனா அதே மாதிரி கட்டடம், ஜன்னலை மட்டும் கொஞ்சம் மாத்தி, பிராண்டு பேரே இல்லாம 139 வெள்ளி. 2,380 பீஸ்னு போட்டிருந்தான். வெளிநாட்ல இருந்து வர்றதுக்கு 10 பர்சன்ட் டாக்ஸ் வேற (2024 ஜனவரில இருந்து 500 வெள்ளிக்குக் கீழ உள்ள சாமானுக்கும் போடுறாங்கள்ல, அது), அப்படியும் 153 தான் ஆச்சு.

பெட்டி இல்ல. சாம்பல் கலர் பிளாஸ்டிக் பைல சுருட்டி வந்துச்சு. உள்ள 19 பாக்கெட், ஒண்ணு மேலயும் நம்பர் இல்ல. புக்கு நாலா மடிச்சு வெச்சிருக்கான், எழுத்து மருந்துச் சீட்டு மாதிரி. முதல் ரெண்டு ராத்திரி பிரிச்சு வெக்கவே போச்சு, தீபாவளி பலகார டப்பா, அந்த சிவப்பு மூடி போட்டது, வீட்ல இருந்த பதினாறும் காலி பண்ணிட்டேன், வீட்டுக்காரம்மா இன்னும் அதைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்காங்க.

கீழ் மாடி நல்லா வந்துச்சு. ரெண்டாவது கொஞ்சம் இறுக்கம், சின்னவ அழுத்தி அழுத்தி கட்டைவிரல்ல குமிழ் அச்சு விழுந்துடுச்சு. மூணாவது மாடி தனியா கட்டி மேல தூக்கி வெக்கணும். வெச்சா முன்பக்கம் ரெண்டு மூலைல கப்புனு உக்காருது, பின்பக்கம் ஒரு கிரெடிட் கார்டு நுழையுற அளவுக்கு இடைவெளி. பின்னாடி அழுத்துனா முன்னாடி தூக்குது. முன் சுவர் லேசா தொப்பை போட்ட மாதிரி வெளிய வளைஞ்சிருக்கு. புக்கை மூணு தடவ திருப்பிப் பார்த்தாச்சு, ஸ்டெப் எதையும் விடல. பிரிக்கை உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கலாமா? இல்ல காசு போனா போகுதுன்னு விட்டுடவா?

---

வள்ளி_பாயான்பாரு | ஞாயிறு, காலை 7:15

ப்ரோ, அவசரப்பட்டு உப்புத்தாள எடுக்காதீங்க. நான் இந்த மாதிரி பேரில்லாதது ஆறு ஏழு கட்டியிருக்கேன், ஒரிஜினலும் இருக்கு, ரெண்டு பக்கமும் அடிபட்ட ஆளு.

முதல்ல தரை. கீழ குடுத்திருப்பான் பாருங்க ஒரு பெரிய தட்டு, 32க்கு 32 குமிழ், 25.6 சென்டி சதுரம். அதை நீங்க எது மேல வெச்சுக் கட்டுனீங்க? கட்டில் மேலயா, பாய் மேலயா? கண்ணாடி மேசை மேல வெச்சு நாலு மூலையும் விரலால தட்டிப் பாருங்க. டக்டக்னு ஆடுச்சுன்னா தட்டு கோணல். மெல்லிசான பெரிய பிளாஸ்டிக் ஆறும்போது வளையும், அதை பைல சுருட்டி வேற அனுப்பியிருக்கான். தட்டு நடுவுல ஒரு பொடி மேடு இருந்தாலும் மேல போகப் போக சுவர் ரெண்டும் வெளிப்பக்கம் விரியும், அந்தக் கதைதான் இதுன்னு எனக்குத் தோணுது.

ரெண்டாவது, கலர். டியூப் லைட் வெளிச்சத்துல கறுப்பையும் காப்பிக்கொட்டை கலரையும் மாத்தி எடுத்து வெச்சா கடைசில உயரம் மாறிடும், ஏன்னா ஒரு கலர்ல தட்டை பீஸும் இன்னொரு கலர்ல முழு பிரிக்கும் இருக்கும். மூணு தட்டை பீஸை அடுக்குனா ஒரு முழு பிரிக், 3.2 மில்லி மூணு தடவ 9.6. எங்கயாச்சும் ரெண்டே தட்டை வெச்சுட்டீங்களான்னு எண்ணிப் பாருங்க.

இன்னொண்ணு, ஒரிஜினல் கம்பெனி தன்னோட செட்டுக்கு புக்கை சைட்ல பிடிஎஃப்பா சும்மாவே போட்டு வெச்சிருக்கான். உங்களோடது எந்தக் கட்டடத்தைப் பார்த்து அடிச்சதுன்னு கண்டுபிடிச்சா அதையே டவுன்லோட் பண்ணி டேப்லெட்ல பெருசு பண்ணிப் பார்க்கலாம், ஜன்னல் மட்டும்தானே மாத்தியிருக்கான். என் கண்ணாடி பவர் ஏறுனதே அந்த மருந்துச்சீட்டு புக்குனாலதான்.

---

மாடிவீட்டு_மைனர் | ஞாயிறு, காலை 9:02

153 வெள்ளிக்கு காப்பி வாங்கிட்டு உக்காரல உக்காரலன்னா என்ன செய்ய லா. திருட்டு சாமான் திருட்டு சாமான் தான். சின்னதா ஒரு ஒரிஜினல் வாங்கிக் குடுத்திருந்தா புள்ள சந்தோஷமா இருந்திருக்கும், உங்க ரெண்டு ராத்திரியும் மிச்சம்.

---

சட்டம்_படிச்சவன் | ஞாயிறு, காலை 10:40

மைனர் அண்ணே, கோவிச்சுக்காதீங்க, திருட்டுன்னு மொத்தமா ஒரே கூடைல போடக் கூடாது. பிரிக்கு வேற, செட்டு வேற.

அந்த பிரிக்குக்கு டென்மார்க்ல பேட்டன்ட் போட்டது 1958 ஜனவரி 28. அதெல்லாம் காலாவதியாகி எத்தனையோ வருஷம் ஆச்சு. அப்புறம் சரி, வடிவத்தையே டிரேட்மார்க் ஆக்கிடலாம்னு பார்த்தாங்க, கனடா உச்ச நீதிமன்றம் 2005-ல முடியாதுன்னுடுச்சு, ஐரோப்பிய யூனியன் கோர்ட்டும் 2010-ல அதேதான், குமிழும் குழாயும் வேலை செய்யுற பாகம், அழகுக்கு வெச்சதில்ல, அதை ஒருத்தரே என்னைக்கும் வெச்சுக்க முடியாதுன்னு. அதனால பொருந்துற பிரிக்கை யாரு வேணா செய்யலாம். லெகோவும் ஆகாசத்துல இருந்து குதிச்சு வரல, அதுக்கு முன்னாடியே இங்கிலாந்துல ஹிலாரி ஃபிஷர் பேஜ்னு ஒருத்தர் கிடிகிராஃப்ட்னு அடுக்குற பிரிக் போட்டிருந்தார், அதைப் பார்த்துத்தான் இவங்க 1949-ல ஆரம்பிச்சாங்க.

ஆனா ஒருத்தன் உக்காந்து யோசிச்சு வரைஞ்ச கட்டடத்தை அப்படியே அடிக்கிறது, அந்த மஞ்சத்தலை பொம்மையை அடிக்கிறது, பெட்டிப் படத்தை அடிக்கிறது, இதெல்லாம் தப்புதான். லெபின்னு ஒரு காப்பி செட் பிராண்டு கேள்விப்பட்டிருப்பீங்க, 2019-ல சீனா போலீசே ரெய்டு பண்ணுச்சு, அடுத்த வருஷம் ஷாங்காய் கோர்ட்ல அதை நடத்துன தலைவனுக்கு 6 வருஷம் ஜெயில். செந்தூல் அண்ணே, உங்களோடது ஜன்னல் மாத்துன காப்பின்னு நீங்களே சொல்றீங்க, அது இந்தப் பக்கம்தான் விழும். அடுத்த தடவ சொந்தமா டிசைன் பண்ணி விக்கிற சீனா கம்பெனி எவ்வளவோ இருக்கு, அதுல எடுங்க, விலை ரொம்ப ஏறாது.

அப்புறம் அந்தப் பைல எம்சி லேபிள், பொம்மை பாதுகாப்பு முத்திரை, இருந்துச்சா? நம்ம ஊர்ல விக்கிற பொம்மைக்கு அது இருக்கணும்னு விதி. வீட்ல மூணு வயசுக்குக் கீழ புள்ள இருந்தா அந்த ஒத்தைக் குமிழ் பீஸ் பக்கம் விடவே விடாதீங்க.

---

பிறை_மோல்டிங் | ஞாயிறு, மதியம் 1:27

பிரதர், நான் பினாங்கு பக்கம் பிறைல பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்ல, அதாவது உருக்குன பிளாஸ்டிக்கை அச்சுல அடிக்கிற வேலைல, பதினாலு வருஷம். பொம்மை இல்ல, எலக்ட்ரிக் சாமானோட மூடி கீடி அடிக்கிறோம், ஆனா சரக்கு அதே ஏபிஎஸ் பிளாஸ்டிக் தான். நீங்க சொல்றதைப் படிச்சவுடனே எனக்கு கையெல்லாம் பரபரன்னு ஆயிடுச்சு.

தரை கோணல்னு வள்ளி அக்கா சொன்னது பாதிக் காரணமா இருக்கலாம். ஆனா தரை கோணலா இருந்தா எல்லா சுவரும் கோணிக்கணும். உங்களுக்கு முன் சுவர் மட்டும் தொப்பை போட்டிருக்கு. அப்ப சுவர்லதான் ஏதோ இருக்கு.

கணக்கைப் பாருங்க. குமிழுக்கும் குமிழுக்கும் நடு 8 மில்லி. ஆனா ஒத்தை பிரிக்கோட அகலம் 8 இல்ல, 7.8. பக்கத்துக்கு 0.1 விட்டு வெச்சிருக்கான், ஒண்ணை ஒண்ணு இடிக்காம இருக்க. அந்த 0.2 தான் மொத்த விளையாட்டே. பிரிக் 7.85 ஆனாலும் உங்களுக்குத் தெரியாது, 7.95 ஆனாலும் தெரியாது, 8-ஐத் தாண்டுச்சோ அங்கதான் ஆரம்பம், ஒண்ணு இடிச்சா பரவால்ல, வரிசையா இருபது இடிச்சா ஒவ்வொண்ணும் அடுத்ததைத் தள்ளி, தள்ளுறதுக்கு இடமில்லாம சுவர் வெளிய பிதுங்கும். கீழ இருக்குற குமிழ் நகர விடாது, மேல மட்டும் விரியும். அதான் உங்க தொப்பை.

இறுக்கம் வேற கதை. நாலு குமிழுக்கு நடுவுல ஒரு குழாய் உக்காருது, அந்தக் குழாய் 6.51 மில்லி. எப்படி வருதுன்னா 8-க்கு 8 சதுரத்தோட குறுக்கு 11.31, அதுல குமிழோட 4.8-ஐக் கழிச்சா 6.51. 1958-ல பேட்டன்ட் போட்ட விஷயமே அந்தக் குழாய்தான், அதுக்கு முன்னாடி அடில ஓட்டையா இருந்துச்சு, நிக்கவே நிக்காது. இதுல குமிழ் ஒரு முடி பெருசானா குழந்தை விரல் வலிக்கும், சிறுசானா தூக்குனா உதிரும். ஏபிஎஸ் அச்சுக்குள்ள ஆறும்போது அரை பர்சன்ட் சுருங்கும், 8 மில்லில அது 0.04. அந்தச் சுருக்கத்தை எல்லாரும் அச்சுலயே கூட்டித்தான் வெட்டுவாங்க, ஆனா சரக்கை ஒழுங்கா காய வெக்காம போட்டா, பழைய கழிவை அரைச்சுக் கலந்தா, மிஷினை வேகமா ஓட்டணும்னு ஆறுற நேரத்தைக் குறைச்சா, நீங்க கூட்டி வெச்ச கணக்கு அத்தனையும் காத்துல போயிடும். நைட் ஷிஃப்ட்ல நாங்களே பண்ணியிருக்கோம், சூப்பர்வைசர் படிக்கலன்னு நம்புறேன்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. அந்த முன் சுவர்ல என்ன பீஸ் வரிசையா வருது, ஒத்தையா? டிஜிட்டல் கேலிப்பர், மில்லிக்கும் கீழ அளக்குற கருவி, ஒண்ணு வாங்குங்க, ஹார்ட்வேர் கடைல இருக்கும், இல்ல யார்கிட்டயாச்சும் கடன் வாங்குங்க. இருபது பீஸ் அளங்க. ரெண்டு பக்கமும் அளங்க, ஒரு பக்கம் அளந்துட்டு விட்டுடாதீங்க. அப்புறம் பிரிக்கை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஓரத்தைப் பாருங்க, சரக்கு உள்ள போற வாசல் எங்க இருக்குன்னு. கேட்னு சொல்லுவோம். நல்ல அச்சுல அதை யாருக்கும் இடிக்காத இடத்துல ஒளிச்சு வெப்பான். மலிவு அச்சுல பக்கவாட்டுல வெச்சு முறிச்சு எடுப்பான், அங்க கடுகு மாதிரி ஒரு மேடு நிக்கும். அப்புறம் அடிப்பக்கம் உள்ள பொடி எழுத்துல ஒரு நம்பர் இருந்தா குறிச்சு வைங்க, ஒரே அச்சுல பல குழி இருக்கும், கெட்டதெல்லாம் ஒரே குழில இருந்து வந்திருக்கலாம்.

உப்புத்தாள் வேணாம். மேல்தோல் போச்சுன்னா பளபளப்பு வராது, எவ்வளவு தேய்ச்சோம்னும் தெரியாது, அப்புறம் லூசாயிடும்.

---

பழைய_கொத்தனார் | ஞாயிறு, மாலை 5:50

தம்பி, நான் பிரிக்பீல்ட்ஸ்ல குடியிருக்கேன், வயசு எழுபதைத் தாண்டியாச்சு, பேரன் காட்டுனான் இதை. லெகோ எனக்குத் தெரியாது, செங்கல் தெரியும். நாப்பது வருஷம் அதைத்தான் வெச்சேன்.

இந்த ஏரியாவுக்கு பேரு வந்ததே செங்கல் சூளையாலதான். 1881-ல கோலாலம்பூர்ல தீப்பிடிச்சு, அதே வருஷம் வெள்ளமும் வந்து, அத்தாப்பு ஓலைக் கூரை வீடெல்லாம் போச்சு. அதுக்கப்புறம் சிலாங்கூருக்கு பிரிட்டிஷ் ரெசிடென்டா ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் வந்து இனிமே செங்கலும் ஓடும் வெச்சுத்தான் கட்டணும்னு சொல்லப் போய் இங்க சூளை வந்துச்சு, யாப் குவான் செங் போட்டதுன்னு சொல்லுவாங்க, பின்னாடி காப்பித்தான், சீனர்களுக்குத் தலைவர், ஆனாரே, அவரு. அந்தக் காலத்துக் கைச்செங்கல் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, ரெண்டு நூல் கூடும் ரெண்டு நூல் குறையும். நாங்க என்ன செய்வோம், சாந்துல சரிக்கட்டுவோம். பெரிய கல்லுக்கு சாந்து கம்மி, சின்ன கல்லுக்கு சாந்து கூட, தூக்குக்குண்டு விட்டா சுவர் நேரா நிக்கும்.

உங்க சுவர்ல சாந்து இல்ல. கல்லுல இருக்குற பிழை போக வழியில்ல, ஒண்ணு மேல ஒண்ணு சேர்ந்து மேல போய் முட்டுது. அந்தப் பிறைத் தம்பி சொன்னதும் அதுதான். ஒரு யோசனை: எங்க ஆளுங்க கோணக்கல்லைத் தூக்கிப் போட மாட்டாங்க, நல்ல முகத்தை வெளிய திருப்பி வெப்பாங்க, கோணலை உள்ள விடுவாங்க. உங்க கல்லுலயும் அப்படி முகம் இருக்கான்னு பாருங்க.

---

செந்தூல்காரன் | புதன், ராத்திரி 10:31

எல்லாருக்கும் நன்றி. கொத்தனார் மாமா, உங்களுக்குத் தனியா ஒரு கும்பிடு. கதையைச் சொல்றேன், கொஞ்சம் நீளம்.

முதல்ல தட்டு. கண்ணாடி மேசைல வெச்சேன், வள்ளி சொன்ன மாதிரியே ஆடுச்சு, ஒரு மூலைக்கு அடில பத்து சென் காசு சர்ருனு உள்ள போகுது. அதை மொசைக் தரைல கவுத்துப் போட்டு மேல அரிசி மூட்டை பத்துக் கிலோவை ஒரு ராத்திரி வெச்சேன். கொஞ்சம் குறைஞ்சுது, முழுசா போகல. கலர் மாத்தம் ஒரே இடத்துல இருந்துச்சு, அது பின் சுவர், உயரத்துல வித்தியாசம் வரல. (எம்சி லேபிள் இல்லவே இல்ல தம்பி, பையைக் கிழிச்சுத் தேடியாச்சு. வீட்ல சின்னப் புள்ள யாருமில்ல.)

முன் சுவர்ல கிரீம் கலர் ஒத்தை பிரிக் ஒரு வரிசைக்கு 22, அழகுக்காக நிறுத்தி நிறுத்தி வெச்சிருக்கான். ஆபிஸ் பக்கத்துல மோட்டார் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்குற ஃபிரண்டுகிட்ட கேலிப்பர் வாங்கிட்டு வந்தேன். சிவப்பு பீஸ் இருபது அளந்தேன், எல்லாம் 7.79-ல இருந்து 7.84-க்குள்ள. கிரீமை அளந்தா, ஒரு பக்கம் 7.82, அதையே திருப்பி அளந்தா 8.03. நான் மிஷின்தான் கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். அடுத்தது 7.81, 8.04. அடுத்தது ரெண்டு பக்கமும் 7.82. அப்பதான் பிறை பிரதர் சொன்ன கடுகு ஞாபகம் வந்து ஜன்னல் கிட்ட போய் சாய்ச்சுப் பார்த்தேன், இருக்கு! பக்கவாட்டுல கீழ் ஓரத்துல ஒரு பொட்டு, கண்ணுக்கு சரியா தெரியல, நகத்தால தடவுனா தட்டுது. நம்பர் கிம்பர் எதுவும் உள்ள இல்ல.

22-ஐயும் கணக்குப் போட்டேன், பீஸுக்கு 0.03 கூடுனா 0.66 மில்லி. கிரெடிட் கார்டு 0.76. கிட்டத்தட்ட அங்கதான் நிக்குது, மிச்சம் அந்தத் தட்டோட கோணல் போல.

இந்த எடத்துல எங்க அம்மாவைச் சொல்லணும். வயசு 68, டிவி பார்த்துக்கிட்டு இருந்தாங்க, என்னடா ஒவ்வொண்ணா அளந்துக்கிட்டு இருக்கன்னு கேட்டு, கிரீம் டப்பாவை வாங்கி எவர்சில்வர் தட்டுல கொட்டி, துவரம்பருப்புல கல் பொறுக்குற மாதிரி விரல் நுனியால உருட்டி உருட்டிப் பிரிச்சுட்டாங்க. கண்ணு தட்டுல இல்ல, சீரியல்ல இருக்கு. 140 பீஸ் ஒரு எபிசோட் முடியுறதுக்குள்ள. நான் அதுல முப்பதை கேலிப்பர்ல செக் பண்ணேன், ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. மேடு உள்ளது 91, சுத்தமானது 49.

அப்புறம் மாமா சொன்னது. ஒத்தை பிரிக் சதுரம்தானே, எந்தப் பக்கம் திருப்பி வெச்சாலும் உக்காரும். மேட்டை வீட்டுக்கு உள்பக்கம் பார்த்து திருப்பிட்டா பக்கத்து பிரிக்கை இடிக்காது. முன் சுவரைப் பிரிச்சு சின்னவளும் நானும் ஒவ்வொண்ணா தடவித் தடவி திருப்பி வெச்சோம், ரெண்டு ராத்திரி. மூலைல வர்ற எட்டு மட்டும் எப்படித் திருப்புனாலும் இடிக்கிற இடம், அங்க அம்மா பொறுக்குன சுத்தமான பீஸைப் போட்டேன். எதையும் தேய்க்கல, வெட்டல.

நேத்து மூணாவது மாடியைத் தூக்கி வெச்சேன். நாலு மூலையும் உக்காந்துடுச்சு. பின்னாடி நடுவுல மட்டும் ஒரு பேப்பர் போற அளவு இருக்கு, அது தட்டு விவகாரம், அதை ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சாச்சு.

வாங்கலாமான்னு யாராச்சும் கேட்டா என் பதில்: பிரிச்சு வெக்க ரெண்டு ராத்திரி, கட்ட ஏழு, ரிப்பேருக்கு நாலு. பிறந்தநாளைக்கு ஒரு புள்ளைகிட்ட பெட்டியாக் குடுக்கணும்னா இது வேணாம், அழும். மூணு பீஸ் குறையுது, ஒரு கண்ணாடி ஜன்னல்ல கீறல், ஸ்டிக்கர் ரெண்டு நாள்ல ஓரம் தூக்கிடுச்சு. சிவப்பும் சாம்பலும் நல்ல பிடிமானம், சொல்லப்போனா குறையே இல்ல, அந்த கிரீம் மட்டும் வேற எங்கயோ அடிச்சு வாங்கிப் போட்டிருக்கான்னு நினைக்கிறேன். மைனர் அண்ணே, நீங்க சொன்னதும் மனசுல உறுத்துது, அடுத்தது சொந்த டிசைன் உள்ளதாத்தான் எடுப்பேன்.

---

பிறை_மோல்டிங் | புதன், ராத்திரி 11:05

91-க்கு 49. அப்ப ரெண்டு அச்சு, இல்லன்னா ஒரே அச்சுல சில குழில மட்டும் கேட் தேஞ்சிருக்கு. அம்மாவை எங்க தரம் பார்க்குற கியூசி டிபார்ட்மென்டுக்கு அனுப்பி வைங்க பிரதர், நாங்க அந்த வேலைக்கு ரெண்டு பேரையும் ஒரு லென்ஸையும் வெச்சிருக்கோம்.

---

மாடிவீட்டு_மைனர் | வியாழன், காலை 8:20

சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல. போட்டோ போடுங்க.

---

செந்தூல்காரன் | வியாழன், மதியம் 12:44

போட்டோ சாயங்காலம் போடுறேன் அண்ணே, தண்ணித் தொட்டி கழண்டு சோபாவுக்கு அடில போயிடுச்சு. இதுக்கு நடுவுல சின்னவ அடுத்து பத்துமலை கட்டலாம்பான்னு ஆரம்பிச்சுட்டா, செட்டெல்லாம் வேணாமாம், நம்மளே யோசிச்சுக் கட்டணுமாம். 272 படி, ஒரு படிக்கு ஒரு தட்டைன்னு வெச்சாலே 87 சென்டி உயரம் வருது, டிவி மேசை தாங்காது. தட்டை பீஸ் மட்டும் கிலோ கணக்குல கேஎல்ல எங்கயாச்சும் கிடைக்குமா? கடுகு இல்லாததா.